சம்மனை வாங்கிக்கொண்ட கை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூலை மாதம், மும்பை செம்பூரில் நாங்கள் இருக்கும் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் நடந்தது இது. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். பேய்க் கதை போல ஆரம்பித்து, கடைசியில் என் தலையிலேயே குட்டு விழுந்து முடிந்தது. எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பதினோரு நாட்கள் என் சொந்த வீட்டுக் கதவைத் திறக்க நான் பயந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

நான் சயானில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். அட்மிஷன் ஃபாரம், லீவ் லெட்டர், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அப்பாவின் கையெழுத்தை மாணவர்களே போட்டுக்கொண்டு வந்தால் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவேன். "மேடத்துக்கு எக்ஸ்ரே கண்" என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழுந்தால் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

என் கணவர் காணாமல் போனவர். ஒரு வியாழக்கிழமை காலை, "அம்பர்நாத் ஃபாக்டரி வரைக்கும் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஃபாக்டரிக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. முதல் நாள் ராத்திரி ரசத்தில் உப்பு தூக்கல் என்று சொன்னதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பெரிய விஷயம். போலீசில் புகார் கொடுத்தோம். ஆஸ்பத்திரி, ரயில்வே, பிணவறை என்று ஒன்று விடாமல் அலைந்தோம். எங்கும் அவர் இல்லை. அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது.

கட்டடத்தில் விசாரித்தவர்களிடம், "கப்பல் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு, வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லிவைத்தேன். எப்படியும் ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடுவார், வந்தவரை நாலு பேர் நாலு விதமாகப் பார்க்கக் கூடாது என்றுதான் அந்தப் பொய். ஒரு மாதம் ஏழு வருடமானது. பொய் அப்படியே நின்றுவிட்டது. கதவுப் பூட்டைக்கூட நான் மாற்றவில்லை. அவரிடம் ஒரு சாவி இருந்தது. வந்தால் வெளியே நிற்க வேண்டாமே.

அந்த வருடம் மார்ச்சில் மகள் ஏதோ இன்டர்ன்ஷிப்புக்கு ஆன்லைனில் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கி, "அம்மா, ஃபாதர்ங்கற எடத்துல லிவிங்கா லேட்டான்னு கேக்கறான். க்யா லிக்கூ, என்ன எழுதட்டும்?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அடுப்பைக் குறைக்கப் போய்விட்டேன். அவள் எதையோ க்ளிக் செய்தாள். எதை என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இந்தக் கல்யாணத்துக்குச் சட்டப்படி ஒரு முடிவு வாங்கிவிடுவது என்று.

மாட்டுங்காவில் தமிழ் வக்கீல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கே எந்த வக்கீல் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள், "நீங்க இன்னாரோட மாட்டுப்பெண்தானே" என்ற கேள்வி வந்துவிடும். அதனால் கல்லூரி முடிந்ததும் சயானிலிருந்து அப்படியே நடந்து தாராவிக்குள் போனேன். தோல் பை விற்கும் கடைக்கு மேலே, செங்குத்தான இரும்புப் படி ஏறினால் ஒரு வக்கீல் அம்மாவின் ஆபீஸ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பிறந்து வளர்ந்தது தாராவி என்றாலும் பேச்சு முழுக்க ஊர்ப் பேச்சு. என்னைவிடச் சின்னவள்.

சந்தேகங்களை எல்லாம் டைரியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆள் எங்கே என்றே தெரியாதபோது விவாகரத்து கேட்க முடியுமா? அவர் சம்மதம் இல்லாமல் நடக்குமா? போலீஸ் புகாரின் நகல் போதுமா? தீர்ப்புக்குப் பிறகு அவர் வாசலில் வந்து நின்றால்? மூச்சு விடாமல் வாசித்தேன்.

"யக்கா, மொதல்ல தண்ணியக் குடிங்க" என்றாள் அவள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "ஏழு வருசமா ஒருத்தர் உயிரோட இருக்காவன்னு, தெரிஞ்சிருக்க வேண்டிய யாருக்குமே ஒரு தகவலும் இல்லன்னா, அதவச்சே டைவர்ஸ் கேக்கலாம். செத்துட்டாவன்னு நீங்க சொல்லாண்டாம். விட்டுட்டுப் போயிட்டாவன்னும் சொல்லாண்டாம். ஒண்ணும் தெரியலன்னு உள்ளதச் சொன்னாப் போதும்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை சொந்தக்காரர்கள், போலீஸ் எல்லோரும் என்னிடம், செத்தாரா ஓடிப்போனாரா என்று ஏதாவது ஒரு பக்கம் சொல்லச் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "கோர்ட்டு சம்மன் அவிய கடைசியா இருந்த வெலாசத்துக்குத்தான் போகும். அதாவது ஒங்க வீட்டுக்கே வரும். பதறாதீய. தபால்காரரு வந்தா, ஆளு இங்க இல்லன்னு எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லிருங்க. நீங்க மட்டும் வாங்கிராதீய. அது திரும்பி வந்த பொறவு பேப்பர்ல வெளம்பரம் குடுப்போம். அதுக்கும் வரலன்னாத்தான் கேஸு நகரும்."

'வாங்கக் கூடாது' என்று டைரியில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுக்கொண்டேன்.

ஜூலையில் பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் எங்கள் கேஸ் இரண்டாவது முறையாக வந்தது. உள்ளே போவதற்கு முன்பு ஃபைலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன வக்கீல் அம்மா, தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பி வந்தபோது முகமே சரியில்லை. போனை நீட்டினாள். ஃபைலில் இருந்த ஒரு தபால் ஒப்புகை அட்டையைப் படம் எடுத்திருந்தாள். சம்மனோடு போய், வாங்கியவர் கையெழுத்துடன் கோர்ட்டுக்குத் திரும்பி வருமே, அந்த மஞ்சள் அட்டை.

"இது யாரு கையெழுத்துக்கா?"

அவருடையது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெரிதாக எழும்பும் முதல் எழுத்து, கடகடவென்று ஓடும் நடு எழுத்துகள், அடியில் நீளமாக ஒரு கோடு, கோட்டின் முனையில் சின்னக் கொக்கி.

"அவரோடதுதான்" என்றேன்.

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன். அவரேதான்."

அட்டையில் இருந்த தேதி ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான். பன்னிரண்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். எங்கள் கட்டடத்துக்குத் தபால் வருவது ஒரு மணிக்கு மேல்தான். அப்படியானால் நான் வீட்டுக்குள் இருக்கும்போதே அவர் வந்திருக்கிறார். கீழே கேட் பக்கத்திலோ மாடிப்படியிலோ நின்று, தன் பெயருக்கு வந்த தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மேலே வராமல் போயிருக்கிறார். ஏழு வருடம் கழித்து.

வக்கீல் அம்மா என்னைத் தேற்றித்தான் பேசினாள். ஆள் உயிரோடு இருப்பதால் இனி ஏழு வருடக் கணக்கு செல்லாது, ஆனால் மனைவியை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று மனுவைத் திருத்தி எழுதலாம் என்றாள். "சம்மன வாங்கிட்டு வராம இருக்காவன்னா நமக்கு இன்னும் சுளுவுதான். ஒருதலையாத் தீர்ப்பாயிரும். சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றாள். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகளிடம் சொல்லவில்லை.

தபால்காரரைக் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்று மறுநாளே கீழே காத்திருந்தேன். புது ஆள் ஒருவர் வந்தார். எப்போதும் வருபவர் கொங்கண் பக்கம் சொந்த ஊருக்கு நாற்று நடப் போயிருக்கிறாராம், வர பத்து நாளாகும் என்றார். அந்தப் பத்து நாளும் எனக்கு என்ன ஆயிற்று என்று இப்போது சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது சிரிக்க முடியவில்லை.

குர்லாவில் வண்டி மாறும்போது நடைமேம்பாலத்தில் எனக்கு முன்னால் க்ரீம் கலர் அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் போனார். தோளைச் சற்று இடது பக்கம் சாய்த்த அதே நடை. வேகமாகப் போய்ப் பார்த்தால் யாரோ ஒரு குஜராத்தி. "க்யா ஹுவா, பஹன்ஜி?" என்ன ஆச்சு என்று அவர்தான் பயந்து கேட்டார். லிஃப்ட் யாரும் கூப்பிடாமல் எங்கள் மாடிக்கு வந்து நின்று கதவைத் திறந்துகொள்ளும். அதற்கு அந்தக் கோளாறு வருடக்கணக்காக உண்டு. ஆனால் இப்போது அந்தக் காலியான லிஃப்டைப் பார்த்ததும் படி வழியாகவே போகத் தொடங்கினேன். போன் அடிக்கும், எடுத்தால் பேச்சு இருக்காது. அது கடன் கொடுக்கிறேன் என்று தொல்லை செய்யும் கம்பெனிக்காரர்களாகத்தான் இருக்கும். நான் மட்டும் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் கல்லூரியிலிருந்து வந்தபோது கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. அவருடைய பழுப்பு நிறத் தோல் செருப்பு. பரணில் பழைய துணிகளுக்கு அடியில் நான் கட்டிவைத்திருந்தது. துடைத்து, உள்ளே போனவர் கழற்றிவிட்ட மாதிரி வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. சாவியைப் பூட்டில் போட என் கை வரவில்லை. நல்ல வெளிச்சம், மாலை நாலு மணி. பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் கூவுகிறது. நான் என் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போனால் ஒருவரும் இல்லை. சமையலறை மேடையில் மட்டும் அவருடைய டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதுவும் ஏழு வருடமாக அலமாரியை விட்டு வெளியே வராத டம்ளர்.

மகள் ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைத் தாண்டித்தான் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாயால் கேட்டுவிட்டால் அவள் "எந்தச் செருப்பு?" என்று திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயம்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மழையில் வீடே இருட்டிக்கிடந்தது. வக்கீல் அம்மா திருத்திய மனுவுக்காகக் கல்யாணப் பதிவுச் சான்றிதழின் நகல் கேட்டிருந்தாள். அதை எடுக்க அவருடைய மேஜை இழுப்பறையைத் திறந்தேன். அவர் பெயருக்கு வரும் தபால்களைப் பிரிக்காமல் நான் போட்டுவைக்கும் இடம் அது. பாங்கு, இன்ஷூரன்ஸ், அவர் படித்த காலேஜின் பழைய மாணவர் சங்கம் என்று ஒரு கட்டு இருக்கும். அதன் மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கவர், கோர்ட் முத்திரையோடு இருந்தது. பிரிக்கப்படாமல், மற்ற கவர்களோடு ஓரம் பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தது.

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. மகள் ஓடி வந்தாள். கவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"உள்ள வந்திருக்கார்" என்றாள் மெதுவாக. "அம்மா, அப்பா ஆத்துக்குள்ளயே வந்திருக்கார். அவர்கிட்ட சாவி இருக்கே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த அட்டையின் படத்தை, நான் கோர்ட்டிலிருந்து வந்த அன்றைக்கே என் போனில் பார்த்துவிட்டாளாம். செருப்பை எடுத்து வைத்ததும் அவள்தான், டம்ளரைக் கழுவி வைத்ததும் அவள்தான். "அவர் பாதி வழி வந்துட்டு, இவாளுக்கு நான் வேண்டாம்போலன்னு திரும்பிப் போயிடக் கூடாதில்லையா? ஏக் சிக்னல் தோ தேனா சாஹியே, ஒரு சிக்னலாவது குடுக்கணுமே" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது.

"நீ நம்பல இல்ல? இரு, ப்ரூஃப் காட்டறேன்" என்று உள்ளே போனாள். அவளுடைய நாலாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டை எடுத்து வந்தாள். அப்பா ஞாபகமாகப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அது. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அவர் கையெழுத்து, பக்கத்தில் 'வெரி குட், மை டார்லிங்' என்று ஒரு வரி. என் போனை வாங்கி, அட்டையின் படத்தைப் பெரிதாக்கி, கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாரு. அதே லைன், அதே கொக்கி. ஸேம் டு ஸேம். சச் மே, நிஜமாவே, அம்மா, இது அப்பாதான்."

ஒன்றேதான். கொஞ்சமும் வித்தியாசம் இல்லை.

கார்டை அவளிடமிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அந்த ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டது நான்.

இதை இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சத்தியமாக அந்த நிமிஷம் வரை அது எனக்கு நினைவிலேயே இல்லை. என் கணவருக்குக் கையெழுத்துப் போடுவதென்றால் அப்படி ஒரு சோம்பல். கல்யாணமான புதிதிலிருந்தே, "நீயே போட்டுடேன், யார் பார்க்கப் போறா" என்பார். காஸ் புக், சொசைட்டி சுற்றறிக்கை, ஸ்கூல் டைரி, பதிவுத் தபால் எல்லாவற்றிலும் அவர் பெயரை நான்தான் கிறுக்குவேன். கார்டைப் பார்த்ததும்தான் அந்த நாலாம் வகுப்பு ராத்திரி எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. "அப்பாவை ஏதாவது எழுதச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குழந்தை தூங்கிவிட்டாள். அவர் வர நேரமாயிற்று. வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். காலையில் ஏமாந்துபோவாளே என்று அந்த வரியையும் நானே எழுதினேன்.

அவர் போன பிறகு அந்தப் பழக்கம் இன்னும் வசதியாகிவிட்டது. என் பெயரில் கையெழுத்துப் போட்டால் "சாஹப் எங்கே?" என்ற கேள்வி வரும். அவர் பெயரைக் கிறுக்கிவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏழு வருடத்தில் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. போட்டதே நினைவில்லாமல் எப்படிப் போனது என்று பிறகு எல்லோரும் என்னைக் கேட்டார்கள். நேற்று காலையில் காஸை அணைத்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அது மாதிரிதான்.

மகளிடம் ஒன்றும் சொல்லாமல், இழுப்பறையின் அடியிலிருந்து கல்யாணச் சான்றிதழை எடுத்தேன். பதிவாளர் முன்னால் அவரே போட்ட கையெழுத்து அதில் இருந்தது. சின்னதாக, சாய்வாக, கூச்சப்படுகிற மாதிரி ஒரு கையெழுத்து. அடியில் கோடு கிடையாது, கொக்கி கிடையாது. யாரோ முன்பின் தெரியாதவர் போட்ட மாதிரி இருந்தது. கோடு போடுகிற வழக்கம் என்னுடையது. எதை எழுதினாலும் கீழே ஒரு கோடு இழுக்காமல் எனக்கு ஆகாது. இத்தனை வருடத்தில் அவருடைய நிஜக் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் ஒருவர் வந்துபோயிருக்கிறார் என்ற பயம் போனதா என்றால் இல்லை. என் விரல்களைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது.

மறுநாள் பழைய தபால்காரர் வந்துவிட்டார். கேட்டதும் சிரித்தார். "துமீச் தர் கேலி சஹி, வஹினி! நேஹமீ துமீச் கர்தா" என்றார். நீங்கள்தானே போட்டீர்கள், எப்போதும் நீங்கள்தானே போடுகிறீர்கள் என்று அர்த்தம். அன்றைக்கு நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அட்மிஷன் லிஸ்ட் பற்றி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேனாம். ஒரு கையில் தோசை மாவு. மூன்று தபாலுக்கு மற்றக் கையால் கையெழுத்துப் போட்டேனாம். "சாஹப் கப்பலில் சௌக்கியமா?" என்று அவர் விசாரித்ததற்கு, "சௌக்கியம்" என்று வேறு சொன்னேனாம். கோர்ட் கவரையும் அதே ஞாபகமில்லாத கையால் நான்தான் இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. கோர்ட் ஏற்கெனவே நம்பிவிட்டது. வக்கீல் நம்பிவிட்டாள். இரண்டு மூன்று மாதத்தில் விடுதலை கிடைத்துவிடும். மகளுக்கு அப்பா உயிரோடு இருப்பார். உண்மையைச் சொன்னால் சம்மன் மறுபடியும் முதலிலிருந்து போக வேண்டும், மனுவே தள்ளுபடி ஆனாலும் ஆகலாம், பொய்க் கையெழுத்து என்று என் மேலேயே கேஸ் வந்தாலும் வரலாம். மற்றவர் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்த எக்ஸ்ரே கண்ணுக்கு நல்ல மரியாதைதான் கிடைக்கும்.

அன்று சாயங்காலம் மகள் மாட்டுங்கா போய், அவருக்குப் பிடித்த ஓமப்பொடியும் நேந்திரங்காய் வறுவலும் வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு டப்பாவில் போட்டு மூடி, மேலே தேதி ஒட்டினாள். "நமுத்துப்போயிட்டா புதுசு வாங்கிக்கலாம்" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பெண் இனி வாழ்நாள் முழுக்க டப்பாவில் பட்சணத்தை மாற்றிக்கொண்டே இருப்பாள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"அது அப்பா போட்டது இல்லடி" என்றேன். "நான் போட்டேன்."

நம்பவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து அவள் எதிரிலேயே போட்டுக் காட்டினேன். பெரிய முதல் எழுத்து, கோடு, கொக்கி. கண நேரத்தில் முடிந்துவிட்டது. அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்போ என் ரிப்போர்ட் கார்டு?"

அதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். அது ஒன்றையாவது அவளுக்கு விட்டுவைத்திருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் நினைப்பேன். ஆனால் வாயில் வந்தது, "அதுவும் நான்தான்" என்பதுதான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வக்கீல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "யக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீய! வாங்கிராதீயன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?" என்று திட்டினாள். பிறகு ஃபைலை எடுத்துப் பிரித்தாள். மறைத்துவிடலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாளைக்கு அவிய வந்து, சம்மனே எங்கிட்ட வரல, இது எங்கையெழுத்தே இல்லன்னு நின்னா, தீர்ப்பு மொத்தமும் ரத்தாயிரும். அத விடுங்க. இப்ப நீங்க சும்மா இருந்தீயன்னா, இல்லாத ஒரு ஆள இருக்காவன்னு கோர்ட்டு ஏட்டுலயே எழுதி வச்சதாயிரும். வாங்க, உள்ளபடியே எழுதிக் குடுத்துருவோம்."

நீதிபதி ஒரு பெண்மணி. பிரமாணப் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எத்தனை வருடமாக இப்படிப் போடுகிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். கல்யாணமானதிலிருந்து என்றேன். கோர்ட்டில் இருந்த சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா என்று கேட்டு, நன்றாக உறைக்கும்படி எச்சரித்துவிட்டு, அந்த அட்டை செல்லாது, சம்மன் மறுபடி போகட்டும் என்று உத்தரவு போட்டார். மனுவையும் பழையபடியே நடத்த விட்டார். அந்த முறை தபால்காரரிடம் நானே, "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். கப்பல் பொய் அந்த நிமிஷத்தோடு போயிற்று. ஒரு வாரத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நன்றாகத் தூங்கினேன். பேப்பரில் விளம்பரம் வந்தது, ஒருவரும் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து விவாகரத்து கிடைத்தது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது கோர்ட்டோ தீர்ப்போ இல்லை. நீதிபதியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், மகள் தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா நிஜமா போட்டது ஒண்ணாவது இருக்கா?" என்று கேட்டாள். பையிலிருந்த கல்யாணச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். தொட்டால் அழிந்துவிடும் என்பதுபோல் விரலைக் காகிதத்துக்கு மேலேயே நகர்த்தினாள்.

"இவ்ளோ சின்னதாவா போடுவார்?" என்றாள். "எனக்குத் தெரியவே தெரியாது, அம்மா."

அவர் இருக்கிறார் என்று ஊருக்குக் காட்டுவதற்காக நான் போட்ட கையெழுத்துகள், அவர் நிஜமாக விட்டுப்போயிருந்த அந்தக் கொஞ்சத்தையும் பெற்ற பெண்ணின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன. அதற்காக அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.